சிவப்பெழுத்து: ஜப்பானிய வணிகரின் நட்டச் சொற்கள்

ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் ஆண்டுக் கணக்கறிக்கையை முதன்முதலாகக் கையிலெடுக்கும் அயல்நாட்டு மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். எண்கள் அவன் அறிந்த எண்களே. நிரல்களும் பழகிய நிரல்களே. இலாபத்தைக் குறிக்கும் வரிசையில் 2,300 என்ற தொகை நிற்கிறது. அதன் முன்னே, கூர்முனை மேல்நோக்கியபடி, சிறிய கறுப்பு முக்கோணம் ஒன்று அச்சாகியிருக்கிறது. ஏறுமுகம் என்று அவன் மகிழ்வானாயின் முதற் பாடத்திலேயே தவறிவிட்டான். ஜப்பானியர் கணக்குத்தாளில் அந்த முக்கோணம் கழித்தற் குறியாகும். இலங்கையிலும் இங்கிலாந்திலும் நட்டத்தொகையை அடைப்புக்குறிக்குள் இடுவது போல அங்கே முக்கோணம் இடுகின்றனர். அந்நிறுவனம் 2,300 ஈட்டவில்லை, இழந்திருக்கிறது.

இனி 2,300 என்பது எவ்வளவு? பெரிய நிறுவனங்களின் தாள்களில் அலகு பெரும்பாலும் 'ஹ்யக்குமன் என்' என்றிருக்கும். 'மன்' என்பது பதினாயிரம். 'ஹ்யக்குமன்' நூறு பதினாயிரம், அதாவது பத்து இலட்சம். ஜப்பானியர் எண்ணும் முறை நான்கு நான்கு சுழியாக ஏறுவது. பதினாயிரத்துக்கு அடுத்த படி 'ஒக்கு'. அது நமது பத்துக் கோடி. அதற்கடுத்தது 'ச்சோ', அது இலட்சம் கோடி. இலட்சத்துக்கும் கோடிக்கும் அங்கே தனிப்பெயர் இல்லை. ஆனால் தாளில் காற்புள்ளி இடுவதோ மேனாட்டு முறைப்படி மூன்று மூன்று இலக்கத்துக்கு ஒன்றாக. ஆகவே கண் மூன்றாகப் பிரிப்பதை நா நான்காகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முன்சொன்ன 2,300 என்ற நட்டம் வாயாற் சொல்லும்போது 23 ஒக்கு யென். தமிழ்க் கணக்கில் 230 கோடி யென். ஒரு படி தவறினால் தொகை பத்து மடங்கு பிழைக்கும். மொழிபெயர்ப்பாளர் பலர் இடறி விழுவது அருஞ்சொற்களில் அன்று, இந்த எளிய எண்களிலேயே.

சொற்களுக்கு வருவோம். நட்டத்தை ஜப்பானியர் நாள்தோறும் சொல்லும் பெயர் 'அக்கஜி'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் சிவப்பெழுத்து. மிகுதிக்குப் பெயர் 'குரொஜி', கறுப்பெழுத்து. (தமிழில் வல்லினத்தை இரட்டித்தாலன்றி வலிய ஓசை கிட்டாது. அதனால் இங்கே ககரம் இரட்டிக்கப்பட்டுள்ளது. ஜப்பானியர் அதை ஒற்றையாகவே ஒலிப்பர்.) குறைந்த தொகையைச் சிவப்பு மையில் எழுதிய வழக்கத்திலிருந்து வந்த பெயர்கள் இவை. வீட்டுச் செலவுக் கணக்கு முதல் அரசாங்க வரவுசெலவுத் திட்டம் வரை எதற்கும் பொருந்தும். செய்தித்தாளில் ஒரு நிறுவனம் 'அக்கஜி தென்ரக்கு' ஆயிற்று என்றால் சிவப்பெழுத்துக்குள் உருண்டு விழுந்தது என்று பொருள். சட்டமும் கணக்காளரும் வழங்கும் சொற்கள் வேறு: நட்டம் 'ஸொன்ஷித்ஸு', இலாபம் 'ரியெக்கி', இரண்டும் சேர்ந்த இலாப நட்டம் 'ஸொன்எக்கி'. ரியெக்கி என்னும் சொல்லின் அதே இரு எழுத்துகளைக் கோயிலில் 'ரியாக்கு' என்று வாசித்தால் புத்தர் அருளால் வரும் நற்பயன் என்றாகும். ஒரே எழுத்து, வாசிக்கும் இடம் வேறு.

கறுப்பெழுத்து நல்லது, சிவப்பெழுத்து தீயது என்று மனப்பாடம் செய்தவனுக்கு அடுத்த சொல் திகைப்பைத் தரும். அது 'குரொஜி தோஸன்'. 'தோஸன்' என்பது நிறுவனம் கவிழ்வது, நாம் வங்குரோத்து என்கிறோமே, அது. அப்படியானால் குரொஜி தோஸன், கறுப்பெழுத்தில் வங்குரோத்து. இலாபம் ஈட்டிக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்து போதல். இஃது எவ்வாறு இயலும்?

ஒஸாக்கா நகரில் துணி விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அது பெரிய கடை ஒன்றுக்குச் சரக்கு அனுப்புகிறது. விற்பனை நிகழ்ந்த அன்றே இலாபம் ஏட்டில் ஏறிவிடும். பணமோ வருவதில்லை. வரவேண்டிய தொகைக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'உரிக்கக்கெக்கின்'; விற்றுத் தொங்கவிட்ட பணம் எனலாம். எடோக் காலத்திலும் வணிகர் ஆண்டு முழுவதும் கணக்கைத் தொங்கவிட்டு, ஆடிமாதத்தை ஒட்டிவரும் முன்னோர் திருநாளிலும் ஆண்டிறுதியிலும் தண்டுவர். 1673இல் மித்ஸுயி குடும்பத்தார் எடோ நகரில் திறந்த எச்சிகொயா என்னும் துணிக்கடை, கைப்பணம் மட்டுமே, விலையேற்றிச் சொல்வதில்லை என்று அறிவித்தபோது அது பெரும் புதுமையாயிற்று. ஆண்டின் கடைசி நாளில் கடன் தண்டுவோரும் அவர்களுக்கு ஒளிவோரும் படும் பாட்டை வைத்தே இஹரா ஸைக்கக்கு 1692இல் ஒரு கதைத்தொகுதி எழுதினார்.

பிற்காலத்தில், தொங்கும் கணக்குக்குப் பதிலாகப் பெரிய கடை ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். இன்ன நாளில் இவ்வளவு தருவோம் என்ற உறுதிச்சீட்டு. அதன் பெயர் 'தெகத்தா', கைவடிவம். முற்காலத்தில் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்த வழக்கத்தின் எச்சம் இச்சொல். ஸூமோ மல்லர் இன்றும் அன்பர்களுக்குப் பதித்துக் கொடுக்கும் கையடையாளத்துக்கும் இதே பெயர்தான். சீட்டு முதிர மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதற்குள் துணிக்காரன் நூல் வாங்கியாக வேண்டும், கூலி கொடுத்தாக வேண்டும். அவனும் நூற்காரனுக்கு ஒரு தெகத்தா எழுதித் தருகிறான். அவன் எழுதிய சீட்டு முதலில் முதிர்ந்து, அவனுக்கு வரவேண்டியது பின்னால் முதிருமானால் வங்கியில் பணம் இராது. அப்போது நிகழ்வது 'ஃபுவத்தரி', கடந்து செல்லாமை. ஓர் ஆற்றின் இக்கரையில் சீட்டு நின்றுவிட்டது போன்ற சொல். ஆறு மாதத்துக்குள் இருமுறை ஃபுவத்தரி நேர்ந்தால் வங்கிகள் அனைத்தும் அந்நிறுவனத்தோடு நடைமுறைக் கணக்கும் கடன் தொடர்பும் வைப்பதை இரண்டாண்டுக்கு நிறுத்திவிடும். இரண்டாம் முறை வரை காத்திருக்க வேண்டுவதும் இல்லை. முதல் முறையே செய்தி எல்லா வங்கிக்கும் போய்விடுகிறது. ஏட்டில் கறுப்பெழுத்து அழியாமலே இருக்க, கடையின் கதவு மூடப்படுகிறது.

இந்தக் கைவடிவச் சீட்டு இப்போது மறைந்து வருகிறது. 2022 நவம்பரில் சீட்டு மாற்றும் நிலையங்களின் வேலையை மின்னணு நிலையம் ஏற்றது. 2026ஆம் நிதியாண்டின் முடிவுக்குள் காகிதச் சீட்டை முற்றாக ஒழிப்பது வங்கிகள் வகுத்த இலக்கு. சீட்டு ஒழிந்தாலும் ஃபுவத்தரி என்ற சொல்லைக் கற்காமல் விடுவதற்கில்லை. சென்ற நூற்றாண்டின் வணிகச் செய்தி ஒவ்வொன்றிலும் அது நிற்கிறது.

கவிழாமல் இருக்க மேலும் மேலும் கடன் பெற்று ஓடுகின்ற தொழிலுக்கு 'ஜித்தென்ஷ ஸோகியோ' என்று பெயர், சைக்கிள் தொழில். மிதிப்பதை நிறுத்தினால் விழுந்துவிடும். வீட்டு நிலைமை அவ்வாறானால் 'ஹி நொ குருமா' என்பர், நெருப்பு வண்டி. நம் சமையலறைக் குருமாவுக்கும் இதற்கும் உறவில்லை. பாவிகளை நரகுக்கு ஏற்றிச் செல்லும் எரியும் தேர் என்ற பௌத்த நம்பிக்கையிலிருந்து வந்தது. கடனில் மூழ்கியவனுக்குக் 'கழுத்துத் திரும்பாது' என்றும் சொல்வதுண்டு.

செவியால் மட்டும் இச்சொற்களைக் கற்க முயல்வோர் பெரும் இடருக்குள்ளாவர். தோஸன் என்றால் வங்குரோத்து என்றோம். தந்தையை அழைக்கும் சொல்லும் தோஸன்தான்; குரல் ஏறி இறங்கும் இடம் மட்டுமே வேறு. 'ஃபுஸாய்' என்றால் கடன்சுமை. கணவனும் மனைவியும் என்றாலும் ஃபுஸாய். இவை நகைப்புக்கு உதவும். நகைக்க முடியாதது 'ஸேஸன்'. ஓர் எழுத்தில் அது பொருள் உற்பத்தி. இன்னோர் எழுத்தில் நிறுவனத்தைக் கலைத்துக் கடன் தீர்த்தல். மூன்றாவதில், புகையிரத நிலையத்தில் குறைந்த கட்டணத்தைச் செலுத்திக் கணக்கை நேர்செய்தல். ஒரு தொழிற்சாலையில் ஸேஸன் தொடங்கிவிட்டது என்று தொலைபேசியில் கேட்பவன், அங்கே இயந்திரம் ஓடுகிறதா விற்கப்படுகிறதா என்பதை முன்பின் சொற்களைக் கொண்டே உணர வேண்டும்.

ஆகையால் எழுத்தைக் கற்பதே வழி. இங்கே மாணவனுக்கு ஓர் உதவி கிடைக்கிறது. பண்டைச் சீனத்தில் சோழி பணமாக வழங்கியது. பணத்தைப் பற்றிய எழுத்துகளுள் மிகப் பல, சோழியைக் குறிக்கும் உருவைத் தம்முள் கொண்டிருக்கின்றன. வாங்குதல், கடன் கொடுத்தல், செலவு, செல்வம், நட்டம், கடன் ஆகிய எல்லாவற்றிலும் அந்தச் சோழி அடியிலோ பக்கத்திலோ கிடக்கும். சோழியின் மேல் பங்கிடுதல் என்னும் உருவை வைத்தால் வறுமை. பழக்கப்பட்ட கண் தாளை ஓட்டமாகப் பார்த்தாலே, பணப்பேச்சு எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ளும்.

சோழியின் மேல் குனிந்த மனிதன் ஒருவனை வைத்தாற்போன்ற எழுத்து ஒன்று உண்டு. அதைத் தனியாக நினைவில் வைத்தல் தகும். சுமத்தல் என்று வாசித்தால் கடனையும் பொறுப்பையும் தாங்குவது. 'மக்கெரு' என்று வாசித்தால் போரிலோ விளையாட்டிலோ தோற்பது. கணிதத்தில் அது சுழியிலும் குறைந்த எண்ணைக் குறிக்கும். சந்தையிலோ அதே மக்கெரு, விலையைக் குறைத்தல். வாங்குபவன் 'மக்கெத்தெ குதஸாய்' என்று கெஞ்சுவது, எனக்குத் தோற்றுப்போங்கள் என்று வணிகனை வேண்டுவதாகும். வணிகன் முழுதும் தோற்காமல் ஏதேனும் ஒரு சிறு பொருளைக் கூடப் போட்டால் அது 'ஒமக்கே', கொசுறு.

ஏட்டின் இரு பக்கங்களைப் பற்றி இவ்வளவு சொன்னாற் போதும். பற்று 'கரிக்கத்தா', கடன் வாங்கிய பக்கம். வரவு 'கஷிக்கத்தா', கடன் கொடுத்த பக்கம். 1873, 1874ஆம் ஆண்டுகளில் ஃபுகுஸாவா யுகிச்சி என்னும் அறிஞர் அமெரிக்கக் கணக்குநூல் ஒன்றைப் பெயர்த்து வெளியிட்டபோது, கடன் வாங்குதல், கொடுத்தல் என்ற சொற்களை எதிர்த்தரப்பாரின் நிலையிலிருந்து வகுத்தார். இன்று ஒரு மேசை வாங்கினாலும் அது கடன் வாங்கிய பக்கத்தில்தான் பதிவாகிறது. ஏன் என்று ஜப்பானிய மாணவனே விழிக்கிறான். 1954 முதல் வணிகச் சபை நடத்திவரும் கணக்குப்பதிவுத் தேர்வுக்குப் படிப்போர் காரணம் தேடாமல் உருப்போட்டு விடுகின்றனர். அயல்நாட்டானும் அவ்வாறே செய்வது நன்று. ஃபுகுஸாவாவின் முகம் 1984 முதல் பதினாயிரம் யென் தாளில் இருந்தது. 2024 ஜூலையில் வெளிவந்த புதிய தாளில் அவ்விடத்தை வங்கித்தொழிலின் முன்னோடியான ஷிபுஸாவா எய்இச்சி பெற்றார்.

வணிகப் பேச்சிலே அடுக்களையும் புகுந்திருக்கிறது. அறவிடமுடியாக் கடனுக்கு அவர்கள் சொல்வது 'கொகெத்ஸுக்கி'. சோற்றுப்பானையில் அடிப்பிடித்துத் தீய்ந்து ஒட்டிக்கொள்வதற்குரிய பெயர் அது. சுரண்டினாலும் வராது. விலை வீழ்ந்த பங்குகளை விற்க மனமின்றி வைத்துக்கொண்டிருப்பது 'ஷியொஸுக்கே', உப்பிலிடுதல். காலம் வரும்வரை சாடியில் கிடக்கட்டும் என்பது கருத்து. டோக்கியோப் பங்குச் சுட்டெண் 1989 டிசம்பர் 29இல் உச்சத்தைத் தொட்டது. அந்த முடிவு நிலையை மீண்டும் கடந்தது 2024 பெப்ரவரி 22இல்தான். உச்சத்தில் வாங்கி உப்பிலிட்டவர்கள் முப்பத்துநான்கு ஆண்டு காத்திருந்தார்கள்.

உப்பிலிட்ட பங்கில் மறைந்திருக்கும் இழப்பு 'ஃபுக்குமிஸொன்'. ஃபுக்குமு என்பது வாயில் அடக்கிக்கொள்ளுதல். ஆகவே இது விழுங்கவும் உமிழவும் படாமல் வாயில் அடக்கிய நட்டம். வாங்கிய விலையையே ஏட்டில் காட்டலாம் என்று பழைய விதி இடங்கொடுத்த வரையில், எத்தனை நிறுவனம் எவ்வளவை வாயில் அடக்கியிருக்கிறது என்று வெளியார் அறிய வழியில்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டு முதல்தான் சந்தைவிலையில் மதிப்பிடும் முறை படிப்படியாக வந்தது.

அதற்கு முன்பே ஒரு பெருவிழுக்காடு நேர்ந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ள வேண்டிய சொல் 'தொபஷி', பறக்கவிடுதல். வாடிக்கை நிறுவனம் ஒன்றிடம் விலை வீழ்ந்த பத்திரங்கள் இருக்கின்றன. மார்ச்சில் கணக்கு முடிக்க வேண்டும். பங்குத் தரகு நிறுவனம் அவற்றைப் பழைய விலைக்கே, வேறு மாதத்தில் கணக்கு முடிக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுக் கொடுக்கும்; பின்னர் மீட்டுக்கொள்வதாக வாக்கும் தரும். நட்டம் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குப் பறந்துவிடுகிறது. பறக்கும் பறவைக்கு என்றாவது உட்கார இடம் வேண்டும். விலை ஏறாமலே போனமையால், யமாயிச்சி பங்குத் தரகு நிறுவனத்தின் சொந்த மரத்திலேயே அது வந்து உட்கார்ந்தது. ஏட்டில் ஏறாத கடப்பாடு 2,600 ஒக்கு யென்னுக்கு மேல். அதாவது 26,000 கோடி. 1897இல் தோன்றிய அந்நிறுவனம் தன் நூறாவது ஆண்டில், 1997 நவம்பர் 24ஆம் நாள், தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. மூன்று மாதத்துக்கு முன்புதான் பதவியேற்றிருந்த தலைவர், செய்தியாளர் முன் எழுந்து நின்று, பிழை எங்களது, ஊழியர்மீது குற்றமில்லை என்று அழுதது உலகெங்கும் ஒளிபரப்பாயிற்று. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர்.

அன்று அறிவிப்பில் வழங்கிய சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'ஜிஷு ஹைகியோ', தானே விரும்பித் தொழில் துறத்தல். கவிழ்ந்தது என்றோ முறிந்தது என்றோ சொல்லவில்லை. கலைப்பதற்குப் பங்குதாரர் கூட்டத்தில் போதிய எண்ணிக்கை கூடாமற் போகவே, 1999 ஜூனில் நீதிமன்றம் அதற்கு வேறு சொல்லை இட்டது: 'ஹஸன்', சட்டப்படியான வங்குரோத்து. மென்மையான சொல்லை மட்டும் அகராதியில் பார்த்த மாணவன், அந்தத் தலைவர் ஏன் அழுதார் என்று விளங்காமல் நின்றிருப்பான்.

இல்லாத இலாபத்தைக் காட்டுவதற்கும் பழைய பெயர் ஒன்று உண்டு. 'ஃபுன்ஷொக்கு கெஸ்ஸன்', முகப்பூச்சுக் கணக்கு. கெஸ்ஸன் என்பது ஆண்டுக் கணக்கை முடித்தல். அதற்கு மாவு பூசி அழகு செய்வது ஃபுன்ஷொக்கு. 2015 ஜூலையில் தோஷிபா நிறுவனத்தைப் பற்றிய வெளிவிசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. ஏழு நிதியாண்டளவில் 1,500 ஒக்கு யென்னுக்கு மேல் இலாபம் மிகைப்படுத்தப்பட்டிருந்தது. அப்போதைய தலைவரும் அவருக்கு முன்னிருந்த இருவரும் பதவி துறந்தனர். ஆயினும் செய்தித்தாள்களில் மிகுதியாக அடிபட்ட சொல் ஃபுன்ஷொக்கு அன்று. 'ஃபுத்தெகிஸெத்ஸு காய்கெய்', தகுதியற்ற கணக்கீடு. ஏன் முகப்பூச்சு என்று எழுதவில்லை என்று வாசகர் பலர் வினவினர். முகப்பூச்சு என்றால் குற்றம். தகுதியற்றது என்றால் பிழை. இரண்டு சொல்லுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. அதே அறிக்கையில் ஆங்கிலத்திலிருந்து வந்த ஒரு சொல்லும் இடம்பெற்றது: 'ச்சரெஞ்ஜி', அறைகூவல். எட்ட முடியாத இலாப இலக்கைக் கீழோர்மீது சுமத்துவதற்கு மேலோர் வழங்கிய சொல் அது. முயன்று பாருங்கள் என்பது அதன் வெளித்தோற்றம். எப்படியாவது எண்ணைக் கொண்டுவாருங்கள் என்றே கீழிருந்தோர் விளங்கிக்கொண்டனர்.

தோஷிபாவின் பிற்கதை வேறொரு சொல்லைக் கற்பிக்கும். 2017 மார்ச்சு இறுதியில் அது 'ஸாய்மு ச்சோகா' ஆயிற்று. கடப்பாடு சொத்தை மிஞ்சிய நிலை. சிவப்பெழுத்து ஓராண்டின் நோய் என்றால் இது உடலே உருக்குலைந்த நிலை. இரண்டையும் ஒன்றாகப் பெயர்ப்பது பெரும் பிழை. அவ்வாண்டு ஆகஸ்டில் அது பங்குச் சந்தையின் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

ஸாய்மு என்னும் இச்சொல், கடப்பாடு, இலங்கையருக்கும் தொடர்பில்லாதது அன்று. 2022 ஏப்ரலில் இலங்கை அயல்நாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது அதற்குரிய சட்டச்சொல் 'ஸாய்மு ஃபுரிக்கோ', கடப்பாட்டை நிறைவேற்றாமை; செய்தித்தாள் வழக்கு 'தெஃபொருத்தோ', ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் ஆகிய நாடுகள் 2023 முதல் இணைத்தலைமை தாங்கிய கடன்கொடுத்தோர் குழுவின் பேச்சு முழுவதும் 'ஸாய்மு ஸாய்ஹென்', கடப்பாட்டை மீள அடுக்குதல், என்ற சொல்லின்மேல் நின்றது. 2024 ஜூன் 26இல் அக்குழுவோடு உடன்பாடு எட்டப்பட்டது. மேசையின் அப்பக்கத்தில் இருந்தவர் வழங்கிய சொற்களை மேசையின் இப்பக்கத்தில் அறிந்தோர் சிலர் இருப்பது எந்நாட்டுக்கும் நட்டமன்று.

கற்க விரும்புவோர்க்குத் தக்க பாடநூல் ஆண்டுதோறும் இலவசமாக வெளிவருகிறது. ஜப்பானிய நிறுவனங்களுள் மிகப் பல மார்ச்சு 31இல் கணக்கு முடித்து, மே மாத நடுப்பகுதிக்குள் 'கெஸ்ஸன் தன்ஷின்' என்ற சுருக்க அறிக்கையை வெளியிடுகின்றன. முதற் பக்கம் எல்லா நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. நான்கெழுத்துச் சொற்கோவை நான்கு அறிந்தால் அதன் சாரம் பிடிபடும்: வருவாயும் இலாபமும் ஏறின, இரண்டும் இறங்கின, வருவாய் ஏறி இலாபம் இறங்கியது, வருவாய் இறங்கி இலாபம் ஏறியது. முக்கோணத்தை முதலில் தேடுக. பிறகு பக்கங்களைத் தள்ளிக் குறிப்புகள் உள்ள இடத்துக்குச் செல்க. அங்கே 'கெய்ஸொக்கு கிகியோ நொ ஸென்தெய்', தொழில் தொடர்ந்து நடைபெறும் என்னும் எடுகோள், என்றொரு தலைப்பு இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களில் அதன் கீழ் 'குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை' என்ற ஒரே வரி காணப்படும். அவ்வரிக்குப் பதிலாக நீண்ட பத்தி ஒன்று நிற்குமானால் 'ஜூயோ நா கிகி', கனத்த ஐயம், என்ற சொற்கள் அதனுள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதற் பக்கத்தில் முக்கோணமே இல்லாத அறிக்கைகளிலும் அச்சொற்கள் வருவதுண்டு.